இருபது டிகிரி

கப்பலூர் தொழிற்பேட்டையில்
அக்னி நட்சத்திரம் நுழையாத ஒரே அறை
என்னுடையது.
இருபது டிகிரி. கூடினால் இரும்பு வளரும்,
குறைந்தால் சுருங்கும்,
என் கையெழுத்து பொய்யாகும்.
எனக்கு முன்னால் இருந்த ஆய்வாளர்
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று
சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.
அதன் கீழேதான் வைத்தேன்,
வி-பிளாக் இரண்டின் மடியில்
படுக்க வைத்து.

கொடுத்தவள் எலோடி,
துலூசிலிருந்து தணிக்கைக்கு வந்தவள்.
விமானக் கதவுக்குப் போகும் பிராக்கெட் நாற்பது
எட்டு மைக்ரான் தடித்திருந்ததை
அவள் கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்னேன்.
"தலைமுடியில பத்துல ஒண்ணு, இதுக்குப் போயா?"
முதலாளி அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

கிளம்பும் நாளில் அவள் பையைத் திறக்க
நாலு ஆண்கள் கை நீட்டினார்கள்.
தாண்டி வந்து என்னிடம் தந்தாள்.
எங்கள் வீட்டில் பாட்டில் என்றால்
எண்ணெய்.
இல்லையென்றால் அடி.
இரண்டும் அல்லாத ஒன்றை
எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல்
பச்சைப் பிள்ளைக்குப் போல
கழுத்துக்குக் கை கொடுத்து வாங்கினேன்.

ரிப்போர்ட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.
ஃப்ரொந்தோன், அவள் ஊர்.
போர்தோ தெரிந்தவர்களுக்கும் தெரியாதாம்.
நெக்ரெத் அறுபது,
சிரா இருபத்தைந்து,
கபெர்னே ஃப்ரான் பதினைந்து.
கூட்டிப் பார்த்தேன், தொழில் புத்தி.
சரியாக இருந்தது.
நெக்ரெத் என்றால்?
"கறுத்த சின்னவள்."
தோல் மெலிசு, ஈரம் தங்கினால் அழுகிவிடுவாள்,
மற்ற இரண்டும் தாங்கிப் பிடிக்கணும்,
ஆனால் அவள் இல்லாமல் அந்த ஊர் ஒயினே இல்லை.
ஆறு விலகிப்போன கூழாங்கல் மேட்டில்
காய்ப்பாளாம்.

என் அடையாள அட்டையை நீட்டினேன்.
இருளாயி.
அர்த்தம் சொன்னேன்.
இந்தப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில்
என்னவெல்லாம் வாங்கினேன் என்று சொல்ல
என் இங்கிலீஷ் போதவில்லை.
அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அறுபதின் கீழே ஒரு கோடு போட்டாள்.

மூன்று மாதம் கிடந்தது.
நாற்பதையும் திரும்பச் செய்து அனுப்பி
அடுத்த ஆர்டர் வந்த ஆவணிச் சனிக்கிழமை,
"என்ன மேடம், அடை காக்குறீங்களா?" என்றார்
லேத் துளசிராம்.
திறப்பான் இல்லை.
மர ஸ்க்ரூ ஒன்றைக் கார்க்கில் இறக்கி
அதன் தலையை வைஸில் கவ்வக் கொடுத்து
பாட்டிலை இழுத்தார் ஃபோர்மேன் முத்திருளாண்டி.

கண்மாய்க் கரை.
எவர்சில்வர் டம்ளர் மூன்று, காராச்சேவு.
துளசிராம் முகர்ந்துவிட்டு மிளகு என்றார்.
வயலட் பூ என்றிருந்தாள் எலோடி.
அந்தப் பூவை நான் பார்த்ததில்லை.
எனக்கு அது
ஜூன் மாதத்துப் புதுப் புத்தகம்,
நாவல் பழம் கட்டிய துணி,
பிறகு, நாக்கின் ஓரமெல்லாம், துவர்ப்பு.
சின்ன வயதில் அத்திக்காய் கடித்த அதே துவர்ப்பு.
"ஏறவே மாட்டேங்குதே" என்று முகம் சுளித்த முத்திருளாண்டி
இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

எனக்கு இரண்டு வாய்.
அப்பாவின் வாசம் வரும் என்று
காத்திருந்தேன்.
கண்மாயில் தண்ணீர்க்கோழி ஒன்று முங்கி
வேறெங்கோ எழுந்தது.
வரவில்லை.
மூன்றாவது வாய் குடித்தேன்.

திங்கட்கிழமை, இருபது டிகிரியில்,
கார்க்கை அளந்தேன்.
பாட்டிலின் கழுத்து, உள்விட்டம், பதினெட்டரை.
கார்க் இருபத்திரண்டு புள்ளி ஒன்று ஏழு.
இத்தனை வருசம் எங்கே வைத்திருந்ததோ இதை.
இனி உள்ளே போகாது.
பதிவேட்டில் பொருள் என்ற கட்டத்தில்
கார்க், ஒன்று, என்று எழுதினேன்.
சிவப்பு மை பக்கத்தில்தான் இருந்தது.
முடிவு என்ற கட்டத்தை
அப்படியே விட்டுவிட்டு
அடுத்த பிராக்கெட்டை எடுத்தேன்.